திருப்பதி இல்லத்துக்கு வந்த வெற்றிச்சுடர்: மகாவீர் சக்ரா எதற்காக, எப்படி வழங்கப்படுகிறது?

திருமலையில் ரத சப்தமி விழாவுக்கு முந்தைய நாள், 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 18. மலையடிவாரத்தில் உள்ள திருப்பதி நகரில், ஓய்வுபெற்ற ராணுவ அதிகாரி ஒருவரின் இல்லத்துக்கு அப்போதைய ஆந்திரப் பிரதேச முதலமைச்சர் ஒய்.எஸ். ஜெகன்மோகன் ரெட்டி நேரில் சென்றார். தொண்ணூறு வயதைக் கடந்திருந்த அந்த அதிகாரிக்கு மரியாதை செலுத்தினார். பின்னர் காவல் துறை அணிவகுப்பு மைதானத்தில் நடைபெற்ற விழாவில், டெல்லியிலிருந்து கொண்டுவரப்பட்ட வெற்றிச்சுடருக்கு வரவேற்பு அளிக்கப்பட்டது.

அந்த அதிகாரி மேஜர் ஜெனரல் சி. வேணுகோபால். 1971-ஆம் ஆண்டு இந்தியா–பாகிஸ்தான் போரில், கிழக்குப் போர்முனையில் கூர்க்கா பட்டாலியன் ஒன்றுக்குத் தலைமை தாங்கியதற்காக மகாவீர் சக்ரா பெற்றவர். அப்போது அவர் லெப்டினன்ட் கர்னல். விருது ஆவணங்களில் அவரது பெயர் ‘சித்தூர் வேணுகோபால்’ என்றே காணப்படுகிறது. 1911-ஆம் ஆண்டில் தனி மாவட்டமாகும் வரை வட ஆர்க்காட்டோடு இணைந்திருந்த அந்தச் சித்தூரின் பெயர், வங்கத்துப் போர்க்களம் ஒன்றின் வரலாற்றில் இவ்வாறு பதிவாகியிருக்கிறது.

போர் முடிந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னர் ஒரு வீரரைத் தேடி அவரது வீட்டுக்கே அரசு செல்வது அரிதான நிகழ்வு. அதற்குக் காரணம் போரின் பொன்விழா. 2020 டிசம்பர் 16 அன்று, டெல்லியில் உள்ள தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் அணையாச் சுடரிலிருந்து நான்கு தீவட்டிகளைப் பிரதமர் நரேந்திர மோடி ஏற்றிவைத்தார். ‘ஸ்வர்ணிம் விஜய் வர்ஷ்’ எனப் பெயரிடப்பட்ட அந்தப் பொன்விழா ஆண்டு முழுவதும் அவை நான்கு திசைகளிலும் பயணம் செய்தன. 1971 போரில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா பெற்றவர்களின் ஊர்களுக்கு அவற்றைக் கொண்டுசெல்வதும், அந்த ஊர்களின் மண்ணைச் சேகரித்துப் போர் நினைவுச் சின்னத்துக்கு எடுத்துவருவதும் திட்டம். திருப்பதிக்குச் சுடர் வந்தது இந்தப் பயணத்தின் ஒரு பகுதியாகவே.

தர்சனாவில் நடந்தது என்ன?

1971 டிசம்பர் 3 மாலையில், இந்தியாவின் மேற்குப் பகுதி விமான தளங்கள் மீது பாகிஸ்தான் விமானப்படை தாக்குதல் நடத்தியது. முழு அளவிலான போர் அதன் பின்னரே தொடங்கியது என்றாலும், கிழக்கு எல்லையில் மோதல்கள் நவம்பர் மாதமே கடுமையாகியிருந்தன. ஜெசோருக்கு அருகில் உள்ள கரிப்பூரில் நவம்பர் 20, 21 தேதிகளில் டாங்கிகள் மோதிக்கொண்டதும் போர்ப் பிரகடனத்துக்கு முன்னரே நிகழ்ந்ததுதான்.

அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் தென்மேற்குப் பகுதியை, அதாவது பத்மா நதிக்கு மேற்கே உள்ள நிலப்பரப்பைக் கைப்பற்றும் பொறுப்பு இந்திய ராணுவத்தின் இரண்டாவது கோர் வசம் இருந்தது. லெப்டினன்ட் ஜெனரல் டி.என். ரெய்னா அதன் தளபதி. அவரிடம் இரண்டு டிவிஷன்கள் இருந்தன. ஒன்று ஜெசோர் நோக்கியும், மற்றொன்றான 4-ஆவது மலை டிவிஷன் ஜெனைதா நோக்கியும் முன்னேற வேண்டும். எதிரே நின்றது மேஜர் ஜெனரல் எம்.எச். அன்சாரி தலைமையிலான பாகிஸ்தானின் 9-ஆவது டிவிஷன். அதன் இரு பிரிகேடுகளில் ஒன்று ஜெசோர் பகுதியையும், மற்றொன்று ஜெனைதா பகுதியையும் காத்துவந்தன.

ஜெனைதாவுக்குச் செல்லும் வழியில், எல்லையை ஒட்டி அமைந்திருக்கிறது தர்சனா. மேற்கு வங்கத்தின் கேதே ரயில் நிலையத்துக்கு எதிர்ப்புறம் உள்ள சிறு நகரம் அது. இன்றைய வங்கதேச நிலப்பரப்பில் முதன்முதலாக ரயில் ஓடியது 1862-ஆம் ஆண்டில் தர்சனாவிலிருந்து ஜகதி வரையில்தான். பழமையான சர்க்கரை ஆலை ஒன்றும் அங்கே உண்டு. கொல்கத்தா–டாக்கா இடையே 2008-இல் தொடங்கப்பட்ட மைத்ரீ விரைவு ரயிலும் கேதே–தர்சனா வழியாகவே எல்லையைக் கடந்தது. இப்படிச் சாலையும் ரயில் பாதையும் சந்திக்கும் எல்லை நகரை எந்த ராணுவமும் காவலின்றி விட்டுவைக்காது. தர்சனாவிலும், அதற்கு அருகில் உள்ள உத்தாலியிலும் பாகிஸ்தான் படையினர் பதுங்குகுழிகள் அமைத்து, முள்வேலியிட்டு, கண்ணிவெடிகளைப் புதைத்து வலுவான காவல்நிலைகளை உருவாக்கியிருந்தனர்.

இந்த நிலைகளைத் தகர்க்கும் பணி, 4-ஆவது மலை டிவிஷனின் 41-ஆவது பிரிகேடைச் சேர்ந்த 1-ஆவது கூர்க்கா ரைபிள்ஸ் ரெஜிமென்ட்டின் ஐந்தாவது பட்டாலியனுக்கு வழங்கப்பட்டது. ராணுவ வழக்கில் 5/1 கூர்க்கா ரைபிள்ஸ். அதன் கமாண்டிங் அதிகாரி வேணுகோபால். டிசம்பர் 4-ஆம் தேதி தர்சனா வீழ்ந்தது. முழுப் போர் தொடங்கி ஒரு நாள்கூட நிறைவடையாத நிலையில் கிடைத்த வெற்றி அது.

பட்டாலியன் அத்துடன் நிற்கவில்லை. பின்வாங்கிய எதிரிக்கு மறுபடியும் அணிதிரள நேரம் கொடுக்காமல் துரத்திச் சென்றது. இந்தப் போரைப் பற்றி எழுதியவர்கள் முக்கியமாகச் சுட்டுவது இந்த வேகத்தைத்தான். வங்கத்தின் இப்பகுதி ஆறுகளும் ஓடைகளும் சதுப்பும் நிறைந்தது. பிரதான சாலையை மறித்து நின்றால் எதிரியை நாள்கணக்கில் தாமதப்படுத்தலாம் என்பது பாகிஸ்தான் தரப்பின் கணக்கு. 4-ஆவது மலை டிவிஷனோ பிரதான சாலையை மட்டும் நம்பாமல் கிளை வழிகளிலும் முன்னேறியது. டிசம்பர் 7-ஆம் தேதிக்குள் ஜெனைதா இந்தியப் படைகளின் கைக்கு வந்தது. அதே நாளில் ஜெசோரும் விடுபட்டது.

ஜெனைதாவின் வீழ்ச்சி, பாகிஸ்தானின் 9-ஆவது டிவிஷனை இரண்டாகப் பிளந்தது. அதன் ஒரு பிரிகேட் வடக்கே குஷ்டியா நோக்கி ஒதுங்கி, பத்மா நதியின் ஹார்டிங் பாலத்தைக் கடந்து மறுகரைக்குச் சென்றது. பாலத்தின் ஒரு கண் அந்தப் பின்வாங்கலின்போது சேதமடைந்தது. டிவிஷனின் எஞ்சிய பகுதியால் ஒருங்கிணைந்து போரிட இயலவில்லை. டிசம்பர் 16 அன்று டாக்காவில் லெப்டினன்ட் ஜெனரல் நியாசி சரணடைதல் பத்திரத்தில் கையெழுத்திட்டபோது, சுமார் 93 ஆயிரம் பேர் இந்தியாவிடம் போர்க்கைதிகளாயினர்.

தளபதியின் வீரத்தை எப்படி அளப்பது?

மகாவீர் சக்ரா என்றவுடன், தனியாளாக எதிரியின் இயந்திரத் துப்பாக்கியை நோக்கிப் பாய்ந்த ஒரு சிப்பாயின் உருவமே பலரது மனத்தில் தோன்றும். அத்தகையவர்களுக்கும் இவ்விருது வழங்கப்பட்டிருக்கிறது. ஆனால் 1971-இல் இதைப் பெற்றவர்களில் பட்டாலியன் தளபதிகள் கணிசமானோர். டாங்கைலில் பாராசூட் மூலம் இறங்கிய படைக்குத் தலைமை தாங்கிய லெப்டினன்ட் கர்னல் குல்வந்த் சிங் பன்னு, சில்ஹெட் பகுதியில் மற்றொரு கூர்க்கா பட்டாலியனை வழிநடத்திய லெப்டினன்ட் கர்னல் ஏ.பி. ஹரோலிகர் ஆகியோரை உதாரணமாகக் கூறலாம்.

நூற்றுக்கணக்கானோர் சேர்ந்து பெற்ற வெற்றிக்கு ஒருவருக்கு மட்டும் வீரப்பதக்கம் அளிப்பது சரியா என்று கேட்பது நியாயமே. விடை காண, ஒரு பட்டாலியன் எவ்வாறு தாக்குகிறது என்பதை அறிந்துகொள்ள வேண்டும்.

ஒரு காலாட்படை பட்டாலியனில் ஏறத்தாழ 800 பேர் இருப்பார்கள். அவர்களில் நேரடியாகப் போரிடுவோர் நான்கு ரைபிள் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டிருப்பர். அரண் செய்யப்பட்ட நிலையைத் தாக்கும்போது, முதலில் ஒன்றோ இரண்டோ கம்பெனிகள் முன்னேறும். கமாண்டிங் அதிகாரி, பீரங்கிப்படை அதிகாரியையும் வயர்லெஸ் கருவி சுமப்பவரையும் அருகில் வைத்துக்கொண்டு, சற்றுப் பின்னால் வருவார். பீரங்கிக் குண்டுகள் எங்கே, எப்போது விழவேண்டும், மீதமுள்ள கம்பெனிகளை எந்தப் பக்கம் திருப்புவது ஆகியவற்றை அவரே முடிவு செய்கிறார்.

திட்டம் குலைவது பெரும்பாலும் கண்ணிவெடி வயலில்தான். முன்னால் செல்பவர்களின் கால்கள் சிதறும்போது, பின்னால் வருபவர்கள் இயல்பாகவே தரையோடு தரையாகப் படுத்துவிடுகிறார்கள். படுத்தவர்கள் மீது எதிரியின் மோர்ட்டார் குண்டுகள் விழத் தொடங்கும். அங்கே தேங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உயிர்களை விலையாகக் கேட்கிறது. அந்த நேரத்தில் தளபதி எங்கே நிற்கிறார் என்பதை அனைவரும் பார்க்கிறார்கள். அவர் பின்னால் நின்று வயர்லெஸ்ஸில் உத்தரவிடலாம், விதிகள் அதற்கு இடமளிக்கின்றன. முன்னால் வந்து நிற்பது அவரது சொந்தத் தெரிவு. பட்டாலியன் தளபதிகளின் விருதுக் குறிப்புகளில் ‘தனது சொந்த முன்னுதாரணத்தால்’ என்னும் சொற்றொடர் திரும்பத் திரும்ப இடம்பெறுவதன் பொருள் இதுதான். சம்பிரதாயமான வாசகம்போல் ஒலித்தாலும், களத்தில் அது ஓர் இடத்தைக் குறிக்கிறது: தளபதி நின்ற இடத்தை.

வேணுகோபாலுக்குக் கூடுதலாக ஒரு சூழலும் இருந்தது. கூர்க்கா ரெஜிமென்ட்டுகளில் சிப்பாய்கள் பெரும்பாலும் நேபாள மலைக்கிராமங்களைச் சேர்ந்தவர்கள். 1-ஆவது கூர்க்கா ரைபிள்ஸில் மகர், குருங் இனத்தவர் அதிகம். 1947-இல் இந்தியா, பிரிட்டன், நேபாளம் ஆகிய மூன்று நாடுகளிடையே ஏற்பட்ட ஒப்பந்தத்தின்படி ஆறு கூர்க்கா ரெஜிமென்ட்டுகள் இந்தியாவிடம் தங்கின. அவற்றில் மிகப் பழமையானது, 1815-இல் உருவான இந்த ரெஜிமென்ட். 1961-இல் காங்கோவில் ஐ.நா. படையில் பணியாற்றியபோது உயிர்நீத்துப் பரம்வீர் சக்ரா பெற்ற கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவும் இதைச் சேர்ந்தவரே. இங்கு பணிக்கு வரும் அதிகாரி முதலில் சிப்பாய்களின் நேபாளி மொழியைக் கற்றாக வேண்டும். சித்தூர்ச் சீமையின் தெலுங்கு அதிகாரி ஒருவர், இமயத்தின் அடிவாரத்து இளைஞர்களை, வங்கத்துச் சதுப்பில் அவர்களது மொழியில் பேசி வழிநடத்தினார் என்பது இந்திய ராணுவத்தில் வியப்புக்குரிய செய்தியல்ல. எனினும் பொதுமக்களுக்கு இது அவ்வளவாகத் தெரிவதில்லை.

பதக்கங்களின் வரிசை

பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா, வீர் சக்ரா ஆகிய மூன்றும் 1950 ஜனவரி 26 அன்று ஏற்படுத்தப்பட்டு, 1947 ஆகஸ்ட் 15 முதல் செல்லுபடியாகும் என அறிவிக்கப்பட்டன. இவை எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கானவை. நிலம், கடல், வான் என எந்தக் களமாயினும் பொருந்தும். அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா ஆகிய மூன்றும் எதிரிநாட்டுப் படையுடனான போர்க்களத்துக்கு வெளியே காட்டிய வீரத்துக்கானவை. 1952-இல் இவை அசோக சக்ரா முதல், இரண்டாம், மூன்றாம் வகுப்பு என்ற பெயர்களில் தொடங்கப்பட்டு, 1967-இல் இன்றைய பெயர்களைப் பெற்றன. முன்னுரிமை வரிசையில் பரம்வீர் சக்ராவுக்குப் பின் அசோக சக்ராவும், மூன்றாவதாக மகாவீர் சக்ராவும் வருகின்றன.

மகாவீர் சக்ரா வெள்ளியாலான வட்டப் பதக்கம். ஐந்து முனை நட்சத்திரமும், நடுவே பொன்முலாம் பூசிய தேசியச் சின்னமும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் நாடா பாதி வெள்ளை, பாதி ஆரஞ்சு நிறம். 1971 போருக்காக நான்கு பரம்வீர் சக்ராக்களும், 76 மகாவீர் சக்ராக்களும், 513 வீர் சக்ராக்களும் வழங்கப்பட்டன.

செய்திகளில் அடிக்கடி நேரும் ஒரு குழப்பத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். வேணுகோபால் பரம் விசிஷ்ட சேவா பதக்கமும் பெற்றவர். ‘பரம்’ என்று தொடங்குவதால் இது மகாவீர் சக்ராவைவிட உயர்ந்த வீரப்பதக்கம் எனச் சிலர் கருதுகின்றனர். அது உயர்நிலை அதிகாரிகளின் மிகச் சிறந்த பணிக்கான விருது. வீரப்பதக்கங்களின் வரிசையில் அது சேராது.

பரிந்துரை செல்லும் பாதை

வீரப்பதக்கத்துக்கு எவரும் விண்ணப்பிக்க இயலாது. வீரச்செயலை நேரில் கண்டவர்களின் வாக்குமூலங்களுடன், மேலதிகாரி ஒரு குறிப்பு எழுதுகிறார். அது பிரிகேட், டிவிஷன், கோர், கட்டளையகம் எனப் படிப்படியாக மேலே சென்று, ராணுவத் தலைமையகத்தின் விருதுக் குழுவை அடைகிறது. ஒவ்வொரு படியிலும் விருதின் தரம் உயர்த்தப்படலாம், குறைக்கப்படலாம், பரிந்துரையே கைவிடப்படவும் கூடும். பாதுகாப்பு அமைச்சகத்தைக் கடந்து குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்த பின்னர் அரசிதழில் வெளியாகிறது. இன்று வழக்கமாகக் குடியரசு தினத்தையும் சுதந்திர தினத்தையும் ஒட்டி விருதுகள் அறிவிக்கப்படுகின்றன.

இந்த நடைமுறையின் பலவீனமும் அதற்குள்ளேயே இருக்கிறது. கண்டவர் உயிரோடிருந்தால்தான் சாட்சி உண்டு. ஒரு செக்ஷன் முழுவதும் மடிந்த இடத்தில் நிகழ்ந்த வீரத்தை எழுத எவரும் மிஞ்சுவதில்லை. தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் ‘தியாக சக்ரா’ சுவர்களில் பெயர் மட்டும் பொறிக்கப்பட்டிருக்கும் வீரர்களில் அத்தகையோர் எத்தனை பேர் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

பதக்கம் ஒன்று, தொகை வேறு

திருப்பதி விழாவில் முதலமைச்சர் வெளியிட்ட அறிவிப்பு ஒன்று, இந்த மரியாதையின் மறுபக்கத்தைக் காட்டியது. வீரப்பதக்கம் பெறும் ஆந்திர வீரர்களுக்கான மாநில அரசின் ரொக்கத் தொகை பத்து மடங்காக உயர்த்தப்பட்டது. பரம்வீர் சக்ரா, அசோக சக்ரா பெறுவோருக்கு 10 லட்சம் ரூபாயாக இருந்த தொகை ஒரு கோடியாகவும், மகாவீர் சக்ரா, கீர்த்தி சக்ரா பெறுவோருக்கு 8 லட்சமாக இருந்தது 80 லட்சமாகவும், வீர் சக்ரா, சௌர்ய சக்ரா பெறுவோருக்கு 6 லட்சமாக இருந்தது 60 லட்சமாகவும் உயர்ந்தன.

ஒரே அறிவிப்பில் பத்து மடங்கு உயர முடியும் என்பதே, அதற்கு முன்னர் இருந்த தொகை எவ்வளவு சொற்பம் என்பதைப் புலப்படுத்துகிறது. மத்திய அரசு வழங்குவது மாதாந்திரப் படி. 2017 ஆகஸ்ட் 1 முதல் அது இரட்டிப்பாக்கப்பட்டு, பரம்வீர் சக்ராவுக்கு 20 ஆயிரம், அசோக சக்ராவுக்கு 12 ஆயிரம், மகாவீர் சக்ராவுக்கு 10 ஆயிரம், வீர் சக்ராவுக்கு 7 ஆயிரம் ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. மகாவீர் சக்ரா பெற்றவர் இந்தப் படியின் மூலம் 80 லட்சம் ரூபாயை எட்ட 66 ஆண்டுகளுக்கு மேலாகும்.

மாதாந்திரப் படி நாடு முழுவதும் ஒன்றே. மாநிலங்கள் தரும் ரொக்கத் தொகை அப்படியல்ல. அதை ஒவ்வொரு மாநிலமும் தானே நிர்ணயிக்கிறது. அதைப் பெறுவதற்கு, அந்த மாநிலத்தைச் சேர்ந்தவர் என்பதே பொதுவான தகுதி. ஆகவே ஒரே பதுங்குகுழியில், ஒரே நாளில், ஒரே பதக்கத்தை வென்ற இருவர் வெவ்வேறு மாநிலத்தவராக இருப்பின், அவர்கள் பெறும் தொகை வெவ்வேறாக இருக்கும். தர்சனாவில் போரிட்ட பட்டாலியனை நினைத்துப் பார்த்தால் கேள்வி மேலும் கூர்மையாகிறது. தளபதி ஆந்திரத்தைச் சேர்ந்தவர், அவருடன் நின்ற சிப்பாய்களோ பெரும்பாலும் நேபாளத்தினர். அத்தகைய ஒருவர் பதக்கம் பெற்றால், அவரைத் தன் மைந்தர் என எந்த மாநிலம் கணக்கில் கொள்ளும்? அவர்களுக்கான ஓய்வூதியத்தை காத்மாண்டு, பொக்ரா, தரான் ஆகிய இடங்களில் உள்ள அலுவலகங்கள் வழியே இந்தியா முறையாக வழங்கிவருகிறது. மாநில ரொக்கத் தொகைகளின் பட்டியல்களோ எல்லைக்கு இப்புறமே முடிந்துவிடுகின்றன.

குடும்பத்துக்குச் சேர்வது

பதக்கம் பெற்றவர் மறைந்த பின் மாதாந்திரப் படி அவரது வாழ்க்கைத் துணைக்குச் செல்கிறது. இதில் நீண்டகாலம் விசித்திரமான ஒரு விதி இருந்தது. கணவரை இழந்த பெண் மறுமணம் செய்துகொண்டால் படி நிறுத்தப்படும், மறைந்த கணவரின் சகோதரரையே மணந்தால் மட்டும் தொடரும். யாரை மணக்க வேண்டும் என்பதை ஒரு பதக்கத்தின் படி தீர்மானித்த இந்த நிபந்தனையைப் பாதுகாப்பு அமைச்சகம் 2017 நவம்பரில் நீக்கியது. பதக்கம் ஏற்படுத்தப்பட்டு அப்போது அறுபத்தேழு ஆண்டுகள் கடந்திருந்தன.

வீரப்பதக்கம் பெற்றவரின் ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு. ரயிலில் ஒரு துணையுடன் முதல் வகுப்பிலோ, இரண்டடுக்கு ஏ.சி. வகுப்பிலோ பயணம் செய்ய இலவச அட்டை வழங்கப்படுகிறது. மாநில அரசின் ரொக்கத் தொகை உள்ளிட்ட உதவிகளுக்குக் குடும்பத்தினர் அணுக வேண்டிய இடம், அந்தந்த மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். விருது அறிவிக்கப்பட்ட அரசிதழின் நகல், பணி ஆவணம், ஓய்வூதிய ஆணை ஆகியவற்றைக் கையில் வைத்திருப்பது நல்லது. பழைய போர்களில் பதக்கம் பெற்றவர்களின் வாரிசுகள் இந்தக் காகிதங்களைத் தேடியெடுப்பதற்கே பெரும்பாடு படுகின்றனர்.

திருப்பதி வழியாகச் சென்ற சுடர் உட்பட நான்கு வெற்றிச்சுடர்களும் 2021 டிசம்பர் 16 அன்று டெல்லியில் தேசியப் போர் நினைவுச் சின்னத்தின் அணையாச் சுடருடன் மீண்டும் இணைக்கப்பட்டன.